அறுவை சிகிச்சையில் குருதிப்பெருக்குக் கட்டுப்பாடு

அறுவை சிகிச்சையில் குருதிப்பெருக்குக் கட்டுப்பாடு என்பது, அறுவையின்போது வெட்டுப்படும் குருதிக்குழாய்களிலிருந்து குருதி வெளியேறுவதைக் குறைக்கவும் நிறுத்தவும் கையாளப்படும் முறைகளின் தொகுப்பு ஆகும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ளது. இதில் 15 விழுக்காடு வரையிலான இழப்பை நலமான உடல் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும்; 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இழப்பு உயிருக்கு உடனடி ஆபத்தாகும். சிறிய கசிவும் அறுவை செய்யும் இடத்தை மறைத்து, மருத்துவரின் பணியைக் கடினமாக்கும். எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை. குழாயின் அளவு, அது அமைந்துள்ள உறுப்பு, நோயாளியின் குருதி உறையும் திறன் ஆகியவற்றைக் கொண்டே முறை தெரிவு செய்யப்படுகிறது.

வரலாறு

சூடு வைத்துக் குருதியை நிறுத்தும் முறை மிகப் பழமையானது. சுசுருத சங்கிதை குருதியை நிறுத்தும் வழிகளுள் ஒன்றாகச் சூட்டைக் குறிப்பிடுகிறது. குருதிக்குழாயை இழையால் கட்டும் முறையை உரோமானிய எழுத்தாளர் செல்சசு 1ஆம் நூற்றாண்டில் விவரித்தார். எனினும், ஐரோப்பாவில் உறுப்பு நீக்கத்தின்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பே நெடுங்காலம் பயன்பட்டது. பிரான்சு நாட்டின் அம்புருவாசு பாரே 16ஆம் நூற்றாண்டில் அதற்கு மாற்றாக இழைக்கட்டை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தார். 1718இல் சான் லூயி பெத்தி திருகு பொருத்திய இறுக்குப்பட்டையை உருவாக்கினார்.

இயந்திர முறைகள்

முதலில் செய்யப்படுவது விரலாலோ பஞ்சுத்துணியாலோ அழுத்துவதாகும். நுண்குழாய்க் கசிவு பலவேளைகளில் சில நிமிட அழுத்தத்திலேயே உறைந்து நின்றுவிடும். பெரிய தமனிகளும் சிரைகளும் இடுக்கியால் பிடிக்கப்பட்டு, இழையால் கட்டப்படும் அல்லது உலோகக் கவ்வியால் மூடப்படும்.

கை, கால் அறுவைகளில் காற்றழுத்த இறுக்குப்பட்டை பயன்படுகிறது. நெடுநேரம் இறுக்கினால் நரம்பும் தசையும் பழுதுறும் என்பதால், பொதுவாக 2 மணி நேரம் மேல்வரம்பாகக் கொள்ளப்படுகிறது. கல்லீரல் அறுவையில், அவ்வுறுப்புக்குச் செல்லும் தமனியையும் வாயிற்சிரையையும் சேர்த்துத் தற்காலிகமாக அழுத்திப் பிடிப்பர். இது 1908இல் சேம்சு ஓகார்த் பிரிங்கிள் வெளியிட்ட முறையாகும்.

மின் அறுவை

1926 அக்டோபர் 1 அன்று, பாசுட்டன் நகரில் நரம்பறுவை மருத்துவர் ஆர்வி குசிங்கு, வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியைக் கொண்டு மண்டையோட்டுக் கட்டி ஒன்றை அகற்றினார். சில நாட்களுக்கு முன் அதே கட்டியை அகற்றும் முயற்சி குருதிப்பெருக்கால் கைவிடப்பட்டிருந்தது.

இக்கருவி பல இலட்சம் எர்ட்சு அதிர்வெண் கொண்ட மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அவ்வளவு விரைவான மாற்றம் தசைகளையும் நரம்புகளையும் தூண்டுவதில்லை. கருவியின் முனை மிகச் சிறியது. ஆதலால் அங்கு மின்னோட்டம் செறிந்து, இழையம் சூடாகிக் குழாய் மூடிக்கொள்கிறது. பின்னர் மின்னோட்டம் நோயாளியின் தோலில் ஒட்டப்பட்ட அகன்ற தகட்டின் வழியாகத் திரும்புகிறது. அங்கு அது பரவிவிடுவதால் சூடு ஏற்படுவதில்லை. தகடு சரியாக ஒட்டாமல் ஒரு பகுதி மட்டும் தோலைத் தொட்டிருந்தால் அவ்விடத்தில் தீப்புண் உண்டாகும். இருமுனை இடுக்கியில் இரு முனைகளுக்கு இடையே மட்டும் மின்னோட்டம் பாய்வதால் இத்தகடு தேவையில்லை. மூளை போன்ற மென்மையான இடங்களுக்கு இதுவே ஏற்றது.

மேற்பூச்சுப் பொருட்கள்

இழையால் கட்டவோ மின்னால் தீய்க்கவோ இயலாத பரப்புகளில் செலட்டின் கடற்பஞ்சு, ஆக்சிசனேற்றிய செல்லுலோசு, ஃபைபிரின் பசை முதலியன வைக்கப்படுகின்றன. எலும்பில் கசியும் குருதியைத் தேன்மெழுகு கலந்த எலும்பு மெழுகு அடைக்கிறது. ஆயினும் அது உடலில் கரையாது. எலும்பு கூடுவதையும் தடுக்கும்.

மருந்துகள்

திரனெக்சாமிக் அமிலம், உறைந்த குருதிக்கட்டி விரைவில் கரைந்துவிடாமல் தடுக்கிறது. இதனைச் சப்பானியரான உத்தாகோ ஒக்கமோட்டோவும் அவரது கணவர் சோசுக்கேயும் கண்டறிந்து 1962இல் வெளியிட்டனர். 2022இல் வெளியான, 9,535 நோயாளிகள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், இதயம் சாராத அறுவைகளில் கடும் குருதிப்பெருக்கு 11.7 விழுக்காட்டிலிருந்து 9.1 விழுக்காடாகக் குறைந்தது.

உறையும் திறன் குன்றும்போது

பெருமளவு குருதியை இழந்த உடல் குளிர்கிறது. குருதியில் அமிலத்தன்மை கூடுகிறது. இவ்விரண்டும் குருதி உறைவதை மேலும் கெடுக்கின்றன. இச்சுழலில் சிக்கியவரிடம் அறுவையை நீட்டிப்பதே ஆபத்தாகலாம். அந்நிலையில் பெரிய குழாய்களை மட்டும் மூடி, கசியும் இடத்தில் துணிகளை அடைத்து, அறுவையை இடைநிறுத்துவர். நோயாளியின் உடலைச் சூடாக்கி, குருதியும் உறைகாரணிகளும் ஏற்றி, பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குப் பின் எஞ்சிய அறுவையை நிறைவு செய்வர்.