நோர்லாந்துக் காடும் சுண்ட்ஸ்வால் நகரும்: முதலீட்டு வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

சுவீடன் நாட்டின் வடபகுதியாகிய நோர்லாந்தில் ஊசியிலை மரக்காடு பரந்து கிடப்பினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதன் பெரும்பகுதிக்குச் சந்தை விலை இருந்ததில்லை. பிரித்தானிய அரசு 1842இல் பால்டிக் நாட்டு மரத்தின் மீதான சுங்கவரியைக் குறைத்து, 1866இல் மரவரியை அறவே நீக்கியது. வீடுகளும் இருப்புப்பாதைகளும் பெருகிவந்த அந்நாட்டுக் கட்டடத் தொழிலுக்குப் பலகை மிகுதியும் வேண்டியிருந்தது. சுண்ட்ஸ்வால் நகரை அடுத்த துனதாலில் 1849இல் நீராவியால் இயங்கும் மரஅறுப்பாலை தோன்றியது. நீராவி வந்தபின் ஆலைக்கு அருவியின் விசை வேண்டுவதில்லை. ஆற்றில் மிதந்துவரும் மரத்தைக் கழிமுகத்திலேயே அறுத்துக் கப்பலில் ஏற்றலாயிற்று.

இம்முதலீட்டின் ஆதாயம் எங்கிருந்து பிறந்தது என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இயந்திரத்தின் ஆற்றலினும் காட்டின் மலிவே முதன்மையான காரணம் என்பது எம் கருத்து. நிலப்பிரிவினையின்போது அரசு உழவர்க்குக் காட்டையும் பங்கிட்டு அளித்தது. நிறுவனத்தார் பல இடங்களில் நிலத்தை வாங்காது, வெட்டுரிமையை மட்டும் 50 ஆண்டுவரை ஒப்பந்தம் செய்துகொண்டனர். பின்னர் மரத்தின் விலை உயர்ந்தபோது அவ்வுயர்வு ஒப்பந்தம் கொண்டவர்க்கே உரியதாயிற்று. உழவர் பேதைமையால் ஏமாந்தனர் என்பது முழு உண்மையாகாது. காசைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களில் கைப்பணமும், பனிக்காலத்தில் மரம் இழுத்துப் பெறும் கூலியும் சிறியன அல்ல. அவர் அறியாதிருந்தது தம் மரத்திற்குக் கடலுக்கு அப்பால் கிடைத்த விலை ஒன்றே.

சந்தை தளர்ந்தபோது அதன் சுமை யார்மேல் வீழ்ந்தது என்பதை 1879ஆம் ஆண்டு காட்டுகின்றது. ஆலையார் கூலியைக் குறைக்கவே, சுண்ட்ஸ்வால் வட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு படையையும் போர்ப்படகுகளையும் அனுப்பி அதனை அடக்கியது.

1888 சூன் 25இல் நகரம் தீக்கிரையாயிற்று; ஏறத்தாழ 9,000 பேர் வீடிழந்தனர். மரத்தால் செல்வமுற்ற வணிகர் மீண்டும் கட்டியபோது நகரின் நடுப்பகுதியைக் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பினர். தலைநகராகிய ஸ்டாக்ஹோமிலிருந்து கட்டடக் கலைஞர் வந்தனர். காட்டின் ஆதாயம் மாளிகைகளாக உருமாறியது. அங்கு வாடகை தர இயலாத எளியோர் நகரின் புறத்தே குடியேறினர். அழகிற் சிறந்த அந்நகரைக் காண்போர் இதனையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

சட்டம் தாமதித்தே வந்தது. வெட்டுரிமையின் காலம் 1889இல் 20 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு மீளவும் வளர வழிசெய்தல் வேண்டும் என 1903ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நோர்லாந்தில் உழவர் நிலத்தை நிறுவனங்கள் வாங்குதலை 1906ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதற்குள் ஆற்றங்கரைக் காடுகள் பல அவற்றின் கைப்பட்டுவிட்டன.