கதிரியக்க 'மூலம்'

'கதிரியக்க மூலம் மீட்பு' என்று தலைப்பிட்டால், கதிரியக்கத்தைக் கொண்டு எதை மீட்டார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். வடமொழியில் மூலம் என்பது வேர். மூலிகை, மூலவர், மூலதனம் எல்லாம் அதில் கிளைத்தவை. 'கடிதம் மூலம்' என்னும்போது அது வெறும் 'வழியாக' என்று தேய்ந்துவிட்டது. அணுசக்தி ஒழுங்குமுறையில் இந்தச் சொல் குறிப்பதோ கோபால்ட்-60 போன்ற, கையில் எடுக்கக்கூடிய பொருளை. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய காமா கருவிக்குள் இருந்து, 2010இல் மாயாபுரி காயலான் கடைகளில் ஓர் உயிரைப் பறித்தது அதுதான். 'மூலம்' என்பதற்குப் பதிலாக 'ஊற்று' எனலாமா? எக்ஸ்ரே கருவியைப்போல் இதை அணைக்க முடியாது, கோபால்ட்-60 பாதி வற்றவே ஐந்தேகால் ஆண்டு ஆகும் என்பதால் பொருந்துகிறது. ஆனால் ஊற்று என்றதும் குடத்தைத் தேடுவோம். என் ஓட்டு 'கதிர்முதல்' என்பதற்கு. முதலுக்கும் வேர், அடி என்ற பொருள் உண்டு. கடைக்காரர் தன் முதலுக்கு வைப்பதுபோல் இதற்கும் கணக்கு வைத்தாக வேண்டும். பழைய இரும்புக்கடைப் பலகையில் மட்டும் 'கதிர்வீசும் பொருள், தொடாதே' என்றே எழுதலாம்.