அறுந்த தொழில் மீண்ட கதை

மாணவர்களே, பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழலுடைய துப்பாக்கி ஒன்றை உருவாக்கினர். சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதித் தெறிக்கும் பொறியே அதன் மருந்தைப் பற்றவைக்கும். இத்தொழிலை விரும்பிய சிறுவன் ஆசானுக்கு முறி எழுதிக் கொடுத்து, அவரிடமே பல ஆண்டுகள் தங்கிப் பழகினான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகவே அத்தொடர்பு அறுந்தது. துப்பாக்கிகள் காட்சிசாலைகளில் எஞ்சின. முழுவதையும் கையாலேயே செய்யத்தக்க ஆசான் அரியராயினார்.

1960-களில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்பவர் அதனை மீட்க முனைந்தார். பழைய துப்பாக்கிகளே அவருக்கு ஆசிரியர்கள். தட்டையான இரும்புப் பட்டையை உலையில் வெண்ணிறமாகக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, சிறிது சிறிதாக அடித்து ஒட்டவேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. மிகுந்தால் இரும்பே எரிந்துபோகும். நெடுங்காலம் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த வெண்மையைச் சொல்லால் எழுதிக் காட்ட என்னால் ஆகாது!

குழலின் உட்புறத்தைக் கடைந்தபின், குண்டு சுழன்று நேரே செல்வதற்காகத் திருகு வரிகளை வெட்டுவர். ஒவ்வொரு முறையும் மயிரிழை ஆழமே வெட்டும். மேலும் ஆழமாக்க, வெட்டும் பல்லின் அடியில் காகிதத் துண்டொன்றைச் செருகுவர், அவ்வளவுதான் கருவி.

கஸ்லர் ஒரு துப்பாக்கியைச் செய்துமுடிப்பதை 1969-இல் படமாக்கினர். அவரிடம் பழகியோர் பின்னர் அப்பட்டறையிலேயே ஆசான்களாயினர்.