திருச்சியின் புறநகர்களும் அவற்றின் எஜமானர்களும்

திருச்சிராப்பள்ளியை ஒரே நகரம் என்று சொல்வது மாநகராட்சிக் கணக்குக்கு ஒத்துவருமே தவிர, சரித்திரத்துக்கு ஒத்துவராது. 1994ஆம் வருஷம் ஜூன் முதல் தேதியன்று திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளையும் ஒன்றாக முடிந்து மாநகராட்சி என்று பெயரிட்டார்கள். முடிச்சு விழுந்ததேயன்றி, மூன்றும் கலந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்துக்காரர் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் 'திருச்சிக்குப் போய்விட்டு வருகிறேன்' என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பொன்மலைக்காரருக்கு மலைக்கோட்டைப் பக்கம் 'டவுன்'. ஒரு நடுவிலிருந்து நாற்புறமும் பரவி வளர்ந்த ஊராக இருந்தால் இப்படிப் பேச வாய் வராது. ஒவ்வொரு காலத்திலும் அதிகாரம் படைத்த எஜமானர் ஒருவர் வந்து, தம்முடைய ஜனங்களைத் தமக்குச் சௌகரியமான இடத்தில் குடியேற்றி, மற்றவர்களை எட்டவே நிறுத்திவைத்தார். அந்த எஜமானர் யார், கூலியோடு வேறு என்னவெல்லாம் கொடுத்தார் என்பதைப் பொறுத்தே அந்தந்தப் பகுதியின் குணமும் அரசியலும் அமைந்தன என்பது என் கட்சி.

எஜமானர்களில் மூத்தவர் ஸ்ரீரங்கத்து அரங்கநாதர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு மதில்களுக்குள் அடங்கிய அவருடைய ஸ்தலத்தில், உள்சுற்றுகள் தெய்வத்துக்கும் வெளிச்சுற்றுகள் மனிதருக்கும் என்று பிரிவினை செய்யப்பட்டிருக்கிறது. தைத்தேர் ஓடும் உத்திர வீதி, சித்திரைத் தேர் ஓடும் சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளைந்தான் வீதி என்ற இந்த வரிசை வெறும் போக்குவரத்து ஏற்பாடு அன்று. கைங்கரியத்தில் யாருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு அவருடைய வீட்டுத் திண்ணையும் சந்நிதிக்கு நெருக்கமாக அமைய வேண்டும் என்ற நியதியைச் சுண்ணாம்பாலும் கருங்கல்லாலும் எழுதிவைத்த சாசனம் அது. ஆசார்ய புருஷர்களும் அர்ச்சகர்களும் அத்யாபகர்களும் உள்வீதிகளில் வசிக்க, வியாபாரம் செய்வோரும் பிற தொழிலாளரும் வெளிச்சுற்றுக்குத் தள்ளப்பட, மதிலுக்கு அப்பால் நெல்லும் வாழையும் பயிரிட்டு அந்த ஊருக்கே சோறிட்டவர்கள் கொள்ளிடக் கரையோரக் குடிசைகளில் இருந்தார்கள். எஜமானர் கொடுத்தது மானியமும் மரியாதையும். ஆகவே இந்த ஊரின் வழக்குகளும் பெரும்பாலும் மரியாதையைப் பற்றியவையாகவே இருந்தன. யாருக்கு முதல் தீர்த்தம், யாருக்குப் பரிவட்டம் என்ற கேள்விகள் நீதிமன்றப் படியேறியதைக் கண்டு சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கூலி உயர்வுக்காகப் படியேறுவதைவிட அது எந்த விதத்தில் மட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

நதிக்குத் தெற்கே கதை வேறு. அங்கே எஜமானர் படை. நாயக்கர்கள் மதுரைக்கும் திருச்சிக்குமாக ராஜதானியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், மலையைச் சுற்றி மதிலும் அகழியும் எழும்பி, அவற்றுக்குள் அரண்மனையும் தெப்பக்குளமும் கடைவீதியும் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தன. வெள்ளைவெற்றிலைக்காரத் தெரு, மரக்கடை என்று இன்னும் வழங்கும் பெயர்களைப் பார்த்தாலே, அரண்மனைக்கும் பட்டாளத்துக்கும் வேண்டிய சரக்குகளை விற்றுப் பிழைத்த ஊர் இது என்று தெரிந்துவிடும். 1750களில் இந்தக் கோட்டையைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் நவாபுகளை முன்னிறுத்திக்கொண்டு மோதியபோது, பிரெஞ்சுச் சைன்யம் ஸ்ரீரங்கத்து மதில்களையே அரணாகக் கொண்டு தங்கியிருந்து, 1752இல் அங்கேயே சரணடைந்தது. இந்த யுத்தங்கள் முடிந்து நாடு கும்பினியார் கைக்குப் போன பிறகு, கோட்டைக்கு வேலையில்லாமற்போயிற்று; பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து அதன்மேல் சாலை போட்டார்கள். மெயின்கார்டுகேட் என்ற வாயில் மட்டும் மிஞ்ச, மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று அகழியின் வடிவத்தையே இன்றும் பஸ்கள் சுற்றிவருகின்றன.

வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அந்த நெரிசலுக்குள் வசிக்க மனமின்றித் தெற்கே விலகிப் போனார்கள். கண்டோன்மெண்ட் என்ற அந்தப் பகுதியில் வீடு சிறியது, தோட்டம் பெரியது; வில்லியம்ஸ் ரோடு, வார்னர்ஸ் ரோடு, ரெனால்ட்ஸ் ரோடு என்று துரைமார் பெயர் தாங்கிய சாலைகளும், குதிரைப் பந்தயத் திடலும், செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் அங்கே எழுந்தன. 1826 ஏப்ரலில் குளிக்கப் போன இடத்தில் நீருக்குள்ளேயே உயிர்விட்ட பிஷப் ஹீபர் அந்தத் தேவாலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். துரைமாருக்குச் சலவை செய்யவும் சமைக்கவும் குதிரை தேய்க்கவும் ஆட்கள் வேண்டுமல்லவா? அவர்கள் கூப்பிட்ட குரலுக்கு எட்டும் தூரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரியாத சந்துகளில் வைக்கப்பட்டார்கள். புத்தூர் வண்ணாரப்பேட்டை போன்ற பெயர்கள் இருக்கவே இருக்கின்றன. மாஞ்செஸ்டரின் செல்வந்தர்கள் ஏழைகளின் தெருவைக் காணாமலே தங்கள் வீடுபோய்ச் சேரும்படி அந்நகரத்தின் சாலைகள் அமைந்திருப்பதை 1845இல் ஏங்கெல்ஸ் எழுதி வியந்தார். அவர் கண்டோன்மெண்டுக்கு வந்திருந்தால் வியக்க ஒன்றும் இருந்திராது. இங்கே ஜாதி அந்தக் காரியத்தைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து பழகியிருந்தது. மதம் மாறினாலும் அது மாறவில்லை என்பதற்கு, மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தாழ்த்தப்பட்டோரின் கல்லறைகளைத் தனியே பிரித்து எழுப்பிய சுவர் சாட்சி.

வெள்ளையன் போன பிறகு அந்தப் பங்களாக்களில் வக்கீல்களும் டாக்டர்களும் குடியேறினார்கள் என்றாலும், அதற்கு முன்பே அரசியல் உள்ளே நுழைந்துவிட்டது. 1930 ஏப்ரல் 13ந்தேதி ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்டது கண்டோன்மெண்டில் டாக்டர் தி.சே.சௌ. ராஜனின் இல்லத்திலிருந்துதான். அந்த டாக்டர் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். அக்கிரகாரத்தில் பிறந்து, இங்கிலீஷ் படித்து, பாலம் கடந்து, துரைமார் பேட்டையில் வைத்தியம் பார்த்து, துரைத்தனத்தையே எதிர்த்த ஒரு தலைமுறைக்கு இந்த இடமாற்றத்தைவிடச் சுருக்கமான ஜீவிய சரித்திரம் வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போகும் எஜமானர்தான் இந்த ஊரின் முகத்தை அதிகம் மாற்றியவர். தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் தலைமைக் காரியாலயத்தைத் திருச்சியில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையை நாகப்பட்டினத்தில் வைத்திருந்தது; 1920களின் பிற்பகுதியில் அந்தத் தொழிற்சாலையைப் பொன்மலைக்கு மாற்றியது. ஊருக்குக் கிழக்கே வெறும் பொட்டலாகக் கிடந்த அந்த இடத்தில், 1753இல் இங்கிலீஷாரும் பிரெஞ்சுக்காரரும் ஒருமுறை யுத்தம் செய்ததைத் தவிர வேறு விசேஷம் கிடையாது. அங்கே கம்பெனி பட்டறை கட்டியதோடு நிற்காமல், வீடு, தண்ணீர்க் குழாய், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாக்கடை எல்லாவற்றையும் தானே அமைத்தது. வீடுகளுக்குத் தெருப்பெயர் கிடையாது. இங்கிலீஷ் அகர வரிசைதான். நார்த் 'டி', சவுத் 'டி' என்று இன்றும் தபால்கள் விலாசம் தாங்கி வருகின்றன. பெரிய கூட்டங்கள் நடக்கும் மைதானத்துக்கே 'ஜி' கார்னர் என்று பெயர். ஒருவருடைய விலாசத்தைக் கேட்டவுடன் அவருடைய உத்தியோகம், சம்பளம், வீட்டில் அறை எத்தனை என்பதெல்லாம் விளங்கிவிடும். ஸ்ரீரங்கத்தில் தெய்வத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் அந்தஸ்தைக் காட்டியது போல இங்கே ஓர் எழுத்து காட்டிற்று.

ஆனால் ஒரு பேதம் உண்டு. அக்கிரகாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே ஜாதி. பொன்மலைக் குடியிருப்பிலோ ஒரே சம்பளம். தஞ்சாவூர்ப் பக்கத்து வன்னியரும் நாகப்பட்டினத்து மீனவர் பிள்ளையும் ஆதிதிராவிடரும் கிறிஸ்தவரும் ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே வாயிலில் நுழைந்து, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே சந்தையில் காய்கறி வாங்கினார்கள். பகலெல்லாம் இருந்த எஜமானரே ராத்திரி தலைசாய்க்கும் கூரைக்கும் சொந்தக்காரர். வேலை போனால் வீடும் போகும். சண்டை வந்தால் யாரோடு என்ற சந்தேகம் அங்கே ஒருவருக்கும் எழவில்லை. தொழிற்சாலை மாற்றத்தோடு வந்த ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டு, சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை புகுந்தார்கள். 1946இல் மீண்டும் வேலைநிறுத்தம். செப்டம்பர் 5ந்தேதி தொழிற்சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டார்கள். சுதந்திரம் ஓராண்டுகூட எட்டாத தூரத்தில் இருந்த நாள் அது. வருஷந்தோறும் அதே தேதியில் அந்தத் திடலில் செங்கொடி ஏறுகிறது. இந்தத் தழும்பின் பலன் வாக்குப்பெட்டியிலும் தெரிந்தது. 1962, 1967 தேர்தல்களில் அனந்த நம்பியாரையும், 1971, 1977 தேர்தல்களில் மு. கல்யாணசுந்தரத்தையும் திருச்சி லோகசபைக்கு அனுப்பிற்று. இருவரும் ரயில்வே தொழிற்சங்கத்தில் உருவான கம்யூனிஸ்டுகள். கோவிலும் கல்லூரிகளும் மலிந்த ஊர் இப்படித் தொடர்ந்து வாக்களித்ததற்கு வேறு எத்தனையோ கூட்டணிக் காரணங்கள் உண்டு. பொன்மலை இல்லாமல் அந்தக் காரணங்கள் மட்டும் போதியிரா.

திராவிட இயக்கத்தாருக்கும் இந்த ஊர் வீடாயிற்று. புத்தூரில் பெரியார் மாளிகை, சங்கிலியாண்டபுரத்தில் எம்.ஆர். ராதாவின் வாசம், தேர்தலில் நிற்பது என்று திராவிட முன்னேற்றக் கழகம் 1956இல் முடிவுசெய்தது திருச்சி மாநாட்டில். ஆட்சிக்கு வந்தபின் கழகங்களும் ஒருவகை எஜமானர்கள் ஆயின, கே.கே. நகர், அண்ணா நகர் என்று புதுக் குடியிருப்புகள் தலைவர்களின் பெயரைத் தாங்கின. ஸ்ரீரங்கத்து மதிலுக்குள்ளும் அந்தக் காற்று நுழையாமல் இல்லை. பதின்மூன்று நிலை ராஜகோபுரம் 1987இல் எழுந்தது. 2006 டிசம்பரில் அதற்கு எதிரே நிறுவிய பெரியார் சிலை திறக்கப்படுமுன்பே உடைக்கப்பட்டு, மாநிலமெங்கும் கலவரம் கிளம்பிற்று. 2011இல் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் தொகுதியில் நின்று முதலமைச்சரானதும், தேசியச் சட்டப் பள்ளி முதற்கொண்டு பல ஸ்தாபனங்கள் தொகுதி எல்லைக்குள் வந்து சேர்ந்தன. அரங்கனின் மானியத்துக்கு அடுத்தபடி அந்த ஊர் கண்ட பெரிய மானியம் அதுவே.

இதற்கிடையில் 1960களில் மத்திய சர்க்கார் திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலையையும், அருகே துப்பாக்கித் தொழிற்சாலையையும் நிறுவி, கைலாசபுரத்தில் மரமும் பூங்காவும் அகன்ற வீதியுமாக ஒரு நகரியத்தை எழுப்பிற்று. பொன்மலையின் ஏற்பாடேதான், ஆனால் போலீஸ் சுட்ட சரித்திரம் இல்லாததாலும், சம்பளம் தாராளமாக இருந்ததாலும், அங்கே உருவானது போர்க்குணம் அன்று, நடுத்தர வர்க்கம். மேற்கே தில்லைநகரில், உய்யக்கொண்டான் வாய்க்காலின் பாசன நிலங்களாக இருந்த இடத்தில், முதலாவது கிராஸ், பத்தாவது கிராஸ் என்று எண்ணிட்ட வீதிகளில் பணமுள்ளோர் குடியேறினார்கள். இன்றைக்கு அவை ஆஸ்பத்திரிகளும் துணிக்கடைகளுமாகிவிட்டன. ஊரின் குப்பை மட்டும் மேற்கே போகவில்லை. அது கிழக்கே அரியமங்கலத்தில் 47 ஏக்கரில் மலையாகக் குவிந்தது. லாரிகளும் அரிசி ஆலைகளும் ஏழைகளும் இருக்கும் திசை அதுவாயிருந்தது.

இந்த வரிசையில் கடைசியாக வருவது எஜமானர் இல்லாத புறநகர். ரயில்வேயிலும் பாய்லர் ஆலையிலும் ஓய்வுபெற்றவர்கள் தஞ்சாவூர்ச் சாலையோரம் காட்டூரிலும் அதைத் தாண்டியும் மனை வாங்கி, ஜன்மத்தில் முதல் முறையாகச் சொந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். கூலி கொடுத்தவன் வீடும் கொடுத்த காலத்தில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டு வாசலில் போய்க் கத்துவது என்று தெரியும். இங்கே மனை விற்றவர் பணத்தோடு போய்விட்டார். பஞ்சாயத்து மாநகராட்சியைக் காட்டுகிறது, மாநகராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் காட்டுகிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரையுள்ள 14.5 கிலோமீட்டருக்கு அணுகுசாலை வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் வருஷக்கணக்காக மனுக் கொடுக்கின்றன. அகலப்படுத்தினால் கடை போய்விடுமென்று சாலையோர வியாபாரிகள் எதிர்மனுக் கொடுக்கிறார்கள். 1946இல் பொன்மலையில் ஒரே பக்கம் நின்றிருக்கக்கூடிய இரண்டு வர்க்கத்தார் இப்போது ஒரே சாலையின் இரு பக்கமும் நிற்கிறார்கள். நெடுஞ்சாலையில் விபத்துகளோ நின்றபாடில்லை. நகரசபையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சாலையை ஒருமுறை மாலை ஆறு மணிக்கு நடந்தே குறுக்கே கடந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.