யார் பேரில் எழுதுவது?

ஆதனூர்ப் பண்ணையாள் நந்தனின் பேரை, 1916இல் சிதம்பரத்தில் தான் தொடங்கிய பள்ளிக்கு வைத்தார் சுவாமி சகஜானந்தர். 1959இல் அவர் மறைந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது. ஆள் போன பிறகும் நிற்கிற அமைப்பு வேணும் என்பதை நான் அங்கிருந்துதான் கற்றேன்.

எங்க சேரியில் அப்படி அமையவில்லை. காசு சேர்த்து எங்க சங்கம் வாங்கின நிலம், தலைவர் பேரில் பத்திரமானது. பதியாத சங்கத்துக்குச் சட்டத்தில் ஏது பேர்? அவர் செத்ததும் வாரிசுங்க வித்துட்டாங்க. கடலூர் வரைக்கும் அலைஞ்சோம். காட்ட எங்க கையில் ஒரு தாள் இல்லை.

இப்போ எங்க பெண்கள் நெல்லை அவிச்சு அரிசியாக்கி விற்கிறாங்க. கம்பெனியாப் பதியலாம்னு பேச்சு. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவில் பதிந்தால், லாபத்தை உறுப்பினர்கள் பங்கு போட முடியாது. கம்பெனியை மூடினாலும் மிச்சச் சொத்து அவங்களுக்குப் போகாது. எந்த வாரிசும் விற்க முடியாது. நல்லதுதான். ஆனா பதிய இரண்டு பேரே போதும் என்பது உறுத்துது. அந்த இரண்டு பேர் யார்?

உற்பத்தியாளர் கம்பெனி என்று இன்னொன்று இருக்கு. தனி ஆட்கள் சேர்ந்து தொடங்கினால் குறைந்தது பத்து உற்பத்தியாளர் வேணும். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். லாபத்திலும் உறுப்பினருக்குப் பங்கு உண்டு.

படித்த இரண்டு பேர் கையெழுத்துப் போட, நெல் அவிக்கிறவள் கூலியாவே நின்றால், அது பழைய பண்ணைதான். அந்தப் பெண்களின் பேரே பதிவேட்டில் ஏறட்டும்.