கார் பேட்டரி உத்தரவாதத்தின் வரலாறு

விற்ற பேட்டரி குறிப்பிட்ட மாதங்களுக்குள் பழுதானால் அதை மாற்றித் தருவதாகவோ, புதியதற்கு விலையில் தள்ளுபடி தருவதாகவோ தயாரிப்பாளர் எழுத்தில் தரும் உறுதியே கார் பேட்டரி உத்தரவாதம். பழைய பேட்டரி செத்துப்போய் வேறொன்று வாங்கக் கடைக்கு வருபவர்களில் பலர் முதலில் கேட்பது “எத்தனை மாத வாரண்டி?” என்பதைத்தான். மாதம் கூடினால் பேட்டரி அத்தனை காலம் உழைக்கும் என்று நம்புகிறார்கள். அந்த எண் எப்படி உருவானது, அதற்குள் யாருடைய கணக்கு இருக்கிறது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

தேய்ந்து தீரும் பொருள்

1859-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய மின்கலத்தை உருவாக்கினார். 1881-ல் கமில் ஃபோர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இதனால் தயாரிப்பு எளிதாயிற்று, மின்கலத்தின் கொள்ளளவும் கூடியது. ஆனால் மின்னேறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சு விரிந்து சுருங்கி, சிறிது சிறிதாக உதிர்கிறது. பூச்சைத் தாங்கும் ஈயச் சட்டகமும் நாளடைவில் அரிக்கப்படுகிறது. மின்னேற்றம் குறைந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடுகிறது.

ஆகவே எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இது ஒருநாள் தீரப்போகும் பொருள். உத்தரவாதத்தின் அடிப்படைச் சிக்கலும் இதுதான். பேட்டரி செத்தால் அது தயாரிப்புக் குறையா, இயல்பான தேய்வா, வாங்கியவரின் கவனக்குறைவா என்று யார் தீர்மானிப்பது?

தொடக்க காலத்திலேயே இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர் தாமஸ் எடிசன். ஈய-அமில பேட்டரிக்கு மாற்றாக, மின்சாரக் கார்களுக்கென நிக்கல்-இரும்பு மின்கலத்தை 1900-களின் முற்பகுதியில் பெருத்த விளம்பரத்துடன் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சில மின்கலங்கள் கசிந்தன, சில கொள்ளளவை இழந்தன. எடிசன் உற்பத்தியை நிறுத்தி, குறையுள்ளவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மீண்டும் ஆய்வில் இறங்கினார். மேம்பட்ட வடிவம் 1909-ல்தான் வந்தது. அதற்குள் சந்தை பெட்ரோல் கார்களின் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

பெட்ரோல் கார்களை அதுவரை முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்து உதைத்துக் கை முறிந்தவர்கள் பலர். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன்பின் பேட்டரி எல்லாக் கார்களுக்கும் தேவையானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டிய இந்தப் பொருளுக்கு மாபெரும் மாற்றுச் சந்தை ஒன்றும் பிறந்தது.

பழுதுபார்த்த காலம்

பல பத்தாண்டுகள் வரை கார் பேட்டரி என்பது கெட்டி ரப்பர் பெட்டி. அறைகளின் மேல்பகுதி தார் போன்ற கலவையால் மூடப்பட்டிருக்கும். ஓர் அறை செத்தால் பேட்டரிக் கடைக்காரர் தாரைச் சூடாக்கி அகற்றி, தகடுகளை மாற்றி, மறுபடி மூடித் தருவார். நம் ஊர்களிலும் இந்த வேலை செய்த பட்டறைகள் இருந்தன. ‘9 பிளேட்’, ‘11 பிளேட்’ என்று தகட்டு எண்ணிக்கையைச் சொல்லி பேட்டரி கேட்கும் வழக்கம் வண்டிக்காரர்களிடையே நெடுநாள் நீடித்தது. வாங்குபவர் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கடைக்காரரின் கைவேலைதான் பாதி உத்தரவாதம்.

பின்னர் பிளாஸ்டிக் பெட்டியைச் சூடேற்றி ஒட்டி மூடும் முறை வந்ததும் பழுதுபார்ப்பு ஏறத்தாழ முடிந்துபோனது. உள்ளே இருப்பதைப் பார்க்கவோ திருத்தவோ வழியில்லாதபோது, வெளியே அச்சிட்ட மாத எண்ணிக்கை ஒன்றே தரத்தின் அடையாளமாக நின்றது.

ஏ.டி.-எக்ஸ்2 சர்ச்சை

பேட்டரியின் நம்பகத்தன்மையை எப்படி அறிவது என்ற கேள்வி 1953-ல் அமெரிக்க அரசியலையே உலுக்கியது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டைச் சேர்ந்த ஜெஸ் ரிச்சி என்பவர் ஏ.டி.-எக்ஸ்2 என்ற பொடியை விற்றுவந்தார். பேட்டரியில் அதைப் போட்டால் ஆயுள் கூடும் என்பது விளம்பரம். சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும் அதன் முக்கியப் பொருள்கள். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகம் சோதித்து, அதனால் பயனில்லை என்று அறிவித்தது.

ஆனால் பொடியைப் பயன்படுத்திய பலர் தங்கள் பேட்டரி பிழைத்துக்கொண்டதாகச் சாட்சி சொன்னார்கள். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வணிகத்துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், கழகம் சந்தையின் அனுபவத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்று கருதி, அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகளிடையே பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஆஸ்டின் பதவியில் தொடர்ந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, தர நிர்ணயக் கழகத்தின் முடிவே சரி என்று அறிக்கை தந்தது.

சாட்சி சொன்னவர்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. தளர்ந்த பேட்டரியை நிதானமாக முழுமையாக மின்னேற்றினாலே அது சற்று உயிர்பெறும். பொடி போடாத இன்னொரு பேட்டரியையும் அதேபோல் மின்னேற்றி, இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். “என் வண்டியில் அந்தக் கம்பெனி பேட்டரி ஏழு வருஷம் வந்தது” என்று நண்பர் சொல்வதற்கும் இது பொருந்தும். அவர் ஓட்டும் தூரம், வண்டி நிற்கும் நிழல், ஆல்டர்னேட்டரின் நிலை ஆகியவை வேறு.

விகித உத்தரவாதம்

பேட்டரியும் டயரும் தேய்ந்து தீரும் பொருள்கள் என்பதால், பயன்படுத்திய காலத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் ஈடு தரும் முறை இவற்றில் வேரூன்றியது. விகித உத்தரவாதம் எனப்படும் இதில் ஓர் உள்கணக்கு உண்டு. தள்ளுபடி எந்த விலையின்மேல் கணக்கிடப்படுகிறது? வாங்குபவர் கொடுத்த விலையா, யாரும் கொடுக்காத பட்டியல் விலையா?

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1960-ல் உத்தரவாத விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விகித அடிப்படையில்தான் ஈடு தரப்படும் என்றால் அதையும், எந்த விலையின்மேல் கணக்கிடப்படும் என்பதையும் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்றது. கற்பனையான பட்டியல் விலையின்மேல் கணக்கிடும் உத்தரவாதம் கூடவே கூடாது என்றது. 1975-ல் வந்த மாக்னசன்-மாஸ் சட்டம், எழுத்து உத்தரவாதத்தை ‘முழுமையானது’ அல்லது ‘வரம்புக்குட்பட்டது’ என்று வெளிப்படையாகக் குறிக்கச் செய்தது.

டைஹார்டு: பெயரும் பொருளும்

1967-ல் சியர்ஸ் நிறுவனம் டைஹார்டு என்ற பேட்டரியை அறிமுகப்படுத்தியது. அதைச் செய்தது மில்வாக்கியின் குளோப்-யூனியன் நிறுவனம். மெல்லிய சுவர் கொண்ட பாலிப்ரொப்பிலீன் பெட்டி என்பதால் உள்ளே தகடுகளுக்கும் அமிலத்துக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. கடுங்குளிரிலும் வண்டியைக் கிளப்பும் என்று அது பெயர் பெற்றது.

1990-களில் அந்தப் பெயருக்குச் சோதனை வந்தது. அப்போது சியர்ஸுக்கு பேட்டரி வழங்கிவந்த அமெரிக்காவின் எக்சைடு நிறுவனம், குறையுள்ளவை என்று தெரிந்தே பேட்டரிகளை விற்றதாகவும், சியர்ஸின் கொள்முதல் அதிகாரிக்குக் கையூட்டு கொடுத்ததாகவும் வழக்கு எழுந்தது. 2001-ல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2.75 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. அதன் முன்னாள் தலைவர் ஆர்தர் ஹாக்கின்ஸ் 2002-ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தியாவின் எக்சைடு இண்டஸ்ட்ரீஸ் வேறொரு நிறுவனம். அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை.

டைஹார்டு வாங்கியவர்கள் கண்டது பழகிய பெயரையும் உத்தரவாதத்தையும்தான். பெட்டிக்குள் இருந்ததைச் செய்தவர் மாறியிருந்தார். 2019-ல் டைஹார்டு என்ற பெயரே 20 கோடி டாலருக்கு அட்வான்ஸ் ஆட்டோ பார்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயருக்கு உரிமையாளர், செய்பவர், விற்பவர் மூவரும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில்

இன்றைய எக்சைடு இண்டஸ்ட்ரீஸ் 1947-ல் பதிவான நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. அதன் முதல் ஆலை மேற்கு வங்கத்தின் சியாம்நகரில் அமைந்தது. 1998-ல் அது ஸ்டாண்டர்டு பேட்டரீஸ் நிறுவனத்தின் ஆலைகளை வாங்கியது. அவற்றுள் ஒன்று சென்னை கிண்டியில் இருந்தது. ஸ்டாண்டர்டு ஃபுருகாவா என்ற பழைய பெயரின் முதலெழுத்துகள் இன்றைய எஸ்.எஃப். பேட்டரிகளில் தொடர்கின்றன. 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம், திருப்பதியை அடுத்த கரகம்பாடியைத் தளமாகக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் அமரான் என்ற பெயரில் கார் பேட்டரிச் சந்தையில் இறங்கியது. நீண்டநாள் உழைக்கும் என்பதே அதன் விளம்பரத்தின் மையம். போட்டி கூடியபின் மாத எண்ணிக்கை பேட்டரி விற்பனையின் முக்கிய ஆயுதமாயிற்று.

இன்று ஒரே நிறுவனமே பல பெயர்களிலும் பல மாதிரிகளிலும் வெவ்வேறு உத்தரவாதக் காலத்துடன் பேட்டரி விற்கிறது. உத்தரவாதம் பொதுவாக இரு பகுதிகளைக் கொண்டது: முதல் சில மாதங்கள் இலவச மாற்று, அடுத்த மாதங்கள் விகிதத் தள்ளுபடி. ‘48 மாதம்’ என்பது 24 மாத இலவசமும் 24 மாதத் தள்ளுபடியுமாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பேட்டரியின் அச்சிட்ட விலை 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய பேட்டரியைக் கொடுத்தால் கடையில் 5,000 ரூபாய்க்குப் புதியது கிடைக்கிறது. 36-ஆம் மாதத்தில் பேட்டரி செத்தால், அச்சிட்ட விலையில் 30 சதவீதம் தள்ளுபடி என்பது விதி. தள்ளுபடி 2,100 ரூபாய், கட்ட வேண்டியது 4,900 ரூபாய். பழைய பேட்டரி நிறுவனத்துக்குப் போய்விடுவதால் அதன் கழிவு விலை தனியே கிடைக்காது. ஆக, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து அலைந்ததன் லாபம் நூறு ரூபாய். 1960-ல் அமெரிக்க ஆணையம் கவலைப்பட்ட அதே கணக்கு இது.

வெப்பநிலை இன்னொரு காரணி. 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. குளிர் நாடுகளில் பேட்டரி கிளப்ப முடியாமல் பிடிபடுகிறது, நம் நாட்டில் பானட்டுக்குள் வெந்து தேய்கிறது. குளிர்நாட்டுத் தரப்பட்டியலை நம்பி இங்கே பேட்டரி தேர்ந்தெடுப்பது சரிவராது.

வாங்கும்போது ஒப்பிட வேண்டியவை

மொத்த மாதங்களை விட்டுவிட்டு, இலவச மாற்றுக்கான மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடுக்கும் விலையை அதனால் வகுத்துப் பார்ப்பது நேர்மையான முதல் ஒப்பீடு. 5,000 ரூபாய்க்கு 24 இலவச மாதம் என்றால் மாதத்துக்குச் சுமார் 208 ரூபாய். 6,200 ரூபாய்க்கு 36 மாதம் என்றால் சுமார் 172 ரூபாய். இங்கே விலை கூடியதே மலிவு.

அடுத்தது தயாரிப்புத் தேதி. உத்தரவாதம் விற்ற நாளில் தொடங்கினாலும், அமிலம் நிரப்பிய பேட்டரி கடை அலமாரியில் இருக்கும்போதே தானாக மின்னிழக்கிறது. பெட்டியில் பொறித்த குறியீட்டைக் கடைக்காரரிடம் படித்துச் சொல்லச் சொல்லி, அண்மையில் தயாரானதைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது விலக்குகள். வாடகை வண்டிக்குப் பெரும்பாலும் உத்தரவாதக் காலம் குறைவு. மின்னேற்றம் இறங்கியதால் நின்றது, ஆல்டர்னேட்டர் கோளாறு, பெட்டி உடைந்தது ஆகியவை பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே புதியது பொருத்தும் அன்றே ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. இலவசமாக மாற்றித் தந்தாலும் பழைய உத்தரவாதத்தின் மீதிக்காலமே தொடரும் என்பதும் பொது நடைமுறை. சிக்னலில் தானே நின்று கிளம்பும் வசதியுள்ள கார்களுக்கு அதற்கென உள்ள ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகையே வேண்டும். மலிவு கருதிச் சாதாரண வகை போட்டால் சீக்கிரம் தேயும்.

நாள் குறித்த ரசீதும், வரிசை எண் எழுதி முத்திரையிட்ட அட்டையும் இல்லாமல் எந்த உத்தரவாதமும் செல்லுபடியாவது கடினம். நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், 1986-ல் வந்து 2019-ல் புதுப்பிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த முறையீட்டில் வாங்கியவருக்குத் துணைநிற்பது விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட மாதம் அன்று, அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள விதிகளே. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே படித்துவிட வேண்டிய பக்கமும் அதுதான்.