விட்டம் குறையும் இடத்தில் ஒரு வளைவு



எமது ஊர் லேத் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் வேலைதான் இது. பெயாரிங் ஏறவில்லை, புல்லி பொருந்தவில்லை என்றால் ஷாஃப்டின் நுனியைக் கடைந்து விட்டத்தைக் குறைப்போம். குறைத்த இடத்தில் ஒரு படி விழும். அந்தப் படியின் உள்மூலையைக் கூராக விடுவதா, வளைவாக விடுவதா? பல உயிர்களைப் பறிகொடுத்த பிறகுதான் உலகம் இதற்கு விடை தேடியது.

1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. வெர்சாயில் விழாப் பார்த்த மக்களை ஏற்றிக்கொண்டு ஒரு புகையிரதம் பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெதோன் அருகே முன் எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென்துருவக் கடல்வரை போய் உயிருடன் திரும்பிய கடலோடி டூமோன் டேர்வில், மனைவி மகனோடு அங்கே மாண்டார்.

நாளெல்லாம் ஓடிய நல்ல இரும்பு ஏன் திடீரென முறிகிறது? அதிர்வினால் இரும்பு பளிங்குபோல் மாறிவிடுகிறது என்றே அன்று பலரும் நம்பினர். ஸ்கொட்லாந்தின் இளம் பொறியியலாளர் ரேங்கின், முறிந்த அச்சுகளை உற்றுப் பார்த்தார். விட்டம் மாறும் கூர்மூலையில் வெடிப்புத் தொடங்கி, சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்ந்திருந்தது. அந்த மூலைக்கு வளைவு கொடுங்கள் என்று 1843இல் எழுதினார். பின்னர் பிரஷ்யாவில் ஓகஸ்ட் வோலர், அச்சுகளைப் பாரத்தோடு சுழற்றிச் சுழற்றிப் பல வருடங்கள் சோதித்தார். ஒரு தடவையில் முறிக்காத சுமைகூட, திரும்பத் திரும்ப விழுந்தால் முறிக்கும் என்பதையும், கூர்மூலை அதை விரைவுபடுத்தும் என்பதையும் 1870க்குள் நிறுவினார்.

எமக்கு இதில் பாடம் இருக்கிறது. 50 மில்லிமீற்றர் ஷாஃப்டை 40 ஆகக் குறைத்தால் விட்டத்தில் ஐந்திலொன்றுதான் போகிறது. ஆனால் முறுக்கைத் தாங்கும் வலிமையோ ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே கடைய முன் கணக்குப் பார்ப்போம். மூலையில் வளைவு விடுவோம். அந்த வளைவு பெயாரிங்கின் உள்விளிம்பு வளைவைவிடச் சிறிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெயாரிங் படியோடு ஒட்டி உட்காராது. கத்தி கீறிய தடங்களையும் மினுக்கி எடுப்போம். கீறல்கூட வெடிப்பின் தொடக்கம்தான்.

எமது பிள்ளைகள் பலர் பட்டறைகளில் தொழில் பழகுகிறார்கள். அவர்கள் கடைந்து கொடுக்கும் ஷாஃப்ட் அரிசி மில்லில் சுழலும்போது, பக்கத்தில் நிற்பவரும் எம்மில் ஒருவர்தான். ஐந்து நிமிட வேலை கூடினாலும் பரவாயில்லை, அந்த மூலையைக் கூராக விடவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.